வெட்கப்படத் தெரிந்த பொறியாளர் ரகுநாத்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நாவல்வயல் ஊராட்சி மன்றத் தலைவர் அமுதவல்லி அவர்களே, கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் பெரியவர் ஆண்டிச்சாமி அவர்களே, அரிமளத்திலிருந்தும் கறம்பக்குடியிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பரிமளா அக்காவே, அம்மாவின் கையை விடாமல் பிடித்திருக்கும் மகள் சரண்யாவே, உங்கள் எல்லோரையும் இந்தத் துயரமான மாலையில் வணங்குகிறேன்.

வரவேற்புரை சொன்ன தம்பி என்னை அழைக்கும்போது, செம்புச் சுரங்க நிறுவனத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் ஷர்லி அவர்கள் என்று அறிவித்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எழத்தான் வேண்டும். நான் உங்கள் மாவட்டத்துக்காரிதான். கட்டுமாவடியில் மீன் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவள். ஆனால் எந்த நிறுவனம் உங்கள் கண்மாயைக் காயவைத்ததோ, அந்த நிறுவனத்தில்தான் இன்றைக்கும் சம்பளம் வாங்குகிறேன். இந்த மேடையில் ஏறும்போது கால் கூசியது. வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். பரிமளா அக்கா தொலைபேசியில் விடவில்லை.

"அவரு அங்க என்ன பாடுபட்டாருன்னு இந்த ஊருக்குத் தெரியாது ஷர்லி. தெரிஞ்சவ நீ ஒருத்திதான். வந்து சொல்லிட்டுப் போ" என்றார்.

சொல்கிறேன் அக்கா. அதற்காகத்தான் வந்தேன்.

யார் இந்த ரகுநாத்? நாவல்வயல் பள்ளியில் படித்து, சென்னையில் சுரங்கப் பொறியியல் முடித்து, கடல் தாண்டிப் போன முதல் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவுக்கு வரும்போது எல்லார் வீட்டுக்கும் வந்து நலம் விசாரிப்பார் என்று தெரியும். அவர் அங்கே செய்த வேலை என்ன? அதை அவர் இங்கே யாரிடமும் விளக்கியதில்லை.

ஆப்பிரிக்காவில், சாம்பியா நாட்டில் எங்கள் சுரங்கம் இருக்கிறது. சுரங்கம் என்றால் பூமிக்குள் குகை என்று நினைக்காதீர்கள். ஒரு பெரிய பள்ளம். நம் அரிமளத்தை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் பள்ளம் நிறையாது. அதன் அடியிலிருந்து செம்புக் கல்லை ஏற்றிக்கொண்டு, மாடி வீடு உயரமுள்ள லாரிகள் இரவும் பகலும் மேலே ஏறி வருகின்றன. ஒவ்வொரு லாரியும் ஏற்றத்தில் குடிக்கிற டீசலைப் பார்த்தால் வயிறு எரியும். மேலே வந்த கல்லை அரைக்க மின்சாரம், உருக்க உலை, உலைக்கு நிலக்கரி. இத்தனையிலிருந்தும் கிளம்புகிற கரிப்புகை வானத்துக்குப் போகிறது. வானத்துக்கு ஏது எல்லை? அங்கே விட்ட புகை அங்கேயே நிற்பதில்லை. கடல் சூடாவதும், புயல் வலுப்பதும், மழை பருவம் தப்புவதும் அதனால்தான். கட்டுமாவடியில் பிறந்த எனக்கு அதை யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் புகையைக் குறைப்பதுதான் ரகுநாத் அவர்களின் வேலை. அவர் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. பள்ளத்தின் சரிவு முழுக்க ரயில் பாதைக்கு மேலே இருப்பதுபோல மின்கம்பி இழுத்துவிட்டால், லாரிகள் அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டு மின்சாரத்திலேயே ஏறிவிடும் என்று திட்டம் போட்டார். அந்த மின்சாரத்தையும் வெயிலிலிருந்து எடுக்கலாம் என்று காட்டினார். அவர் சென்னை அலுவலகத்துக்கு மாறி வந்த பிறகு நான் அவர் பிரிவில் சேர்ந்தேன்; அப்போது அந்தத் திட்டம் முழுதாகத் தயாராக இருந்தது. நிர்வாகமும் பாராட்டியது. இன்ன ஆண்டுக்குள் எங்கள் சுரங்கத்தால் உலகத்துக்கு ஒரு துளி புகைப் பாரமும் இருக்காது என்று நிறுவனம் உலகறிய வாக்குறுதி கொடுத்தது. வெளிநாட்டு மாநாடு ஒன்றில் அந்த வாக்குறுதியை வாசித்தவர் ரகுநாத். அரங்கமே எழுந்து கைதட்டியது.

பிறகு என்ன நடந்தது? செம்பு விலை ஏறியது. பள்ளத்தை அகலப்படுத்து என்றார்கள். மின்கம்பியை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். அடுத்த ஆண்டும் அதையே சொன்னார்கள். அதற்கும் அடுத்த ஆண்டும் சொன்னார்கள். உலகம் முழுவதும் மின்சாரக் கார் ஓட நம் செம்புதானே வேண்டும், உலகத்தைக் காப்பாற்றுகிறவர்களிடம் வந்து புகையைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு மூத்த அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். ரகுநாத் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், கைதட்டினவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் கஜா புயல் வந்தது.

உங்களுக்கு நான் கஜாவைச் சொல்ல வேண்டுமா? தென்னையும் பலாவும் வேரோடு படுத்துக் கிடந்த காட்சியை இங்கே மறந்தவர் யார்? விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார் ரகுநாத். திரும்பி அலுவலகம் வந்தபோது ஆளே ஒடுங்கியிருந்தார். நிர்வாகத்திடம் போய், எங்கள் ஊர்ப் பக்கம் மரமெல்லாம் போய்விட்டது, நிறுவனத்தின் சார்பில் நட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். நாவல், புங்கை, இலுப்பை, வேம்பு என்று மரங்களின் பெயரையும் சொன்னார். நிர்வாகம் உடனே ஒப்புக்கொண்டது. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று அவர் யோசிக்கவில்லை. ஊருக்கு நல்லது நடக்கிறது என்ற மகிழ்ச்சியில் அவரே ஒப்புதல் கையெழுத்தும் போட்டார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. மரம் புகையை உறிஞ்சும் அல்லவா? அங்கே விடுகிற புகைக்கு இங்கே நடுகிற மரத்தை ஈடு காட்டிவிட்டால் போதும். மின்கம்பியும் வேண்டாம், வெயில் மின்சாரமும் வேண்டாம். வாக்குறுதி காப்பாற்றப்பட்டதாக அறிவித்துவிடலாம். புகை ஒரு துளி குறையாமலே குறைந்ததாகக் காட்டலாம். உதவியாகத் தொடங்கியது இப்படித்தான் புகையை மூடி மறைக்கும் உறையாக மாறியது.

நட்டதும் அவர் சொன்ன மரங்கள் இல்லை. நாவல் வளர்ந்து நிழல் தரப் பல காலம் ஆகும். தைலமரம் சடசடவென்று வளரும், படத்தில் பச்சையாகத் தெரியும். நிறுவனம் அமர்த்திய ஒப்பந்தக்காரர் உங்களிடம் கையெழுத்து வாங்கி, உங்கள் மேட்டு நிலத்தில் தைலமரத்தை நட்டார். அதோடு நின்றாரா? மரத்துக்கு ஈரம் வேண்டும் என்று வரிசைக்கு வரிசை அகழி வெட்டினார். மேட்டிலிருந்து கண்மாய்க்கு மழைத்தண்ணீர் ஓடிவரும் வரத்துவாரியின் குறுக்கேயும் வெட்டினார். மழை பெய்தது. தண்ணீர் அகழியில் நின்றது. கண்மாய் காய்ந்தது. சென்னையில் எங்களுக்கு வந்ததெல்லாம் வானத்திலிருந்து எடுத்த பச்சைப் படம்தான்.

மரங்கள் வளர்ந்த பிறகு, பசுமை கிராம விழா என்று பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டார்களே, நினைவிருக்கிறதா? வெளியூரிலிருந்து நிறுவனத்தின் இயக்குநர் வந்தார். ரகுநாத் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு. அலுவலகக் குழுவோடு நானும் வந்திருந்தேன். விழா தொடங்கும் முன் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, பெரியவர் ஆண்டிச்சாமியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் கிளம்பிப் போனார்.

அங்கே காடு இல்லை. அடிக்கட்டைகள் இருந்தன. வெட்டிய தைலமரத்தை அடுக்கிக்கொண்டு காகித ஆலைக்கு லாரி புறப்பட்டுக்கொண்டிருந்தது. பல பத்தாண்டு நிற்கும் காடு என்று நாங்கள் உலகத்துக்குச் சொன்ன காடு அது. கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், அதனால் காடு இருப்பதாகத்தான் அர்த்தம் என்று அங்கே நின்ற மேற்பார்வையாளர் விளக்கம் சொன்னாராம். ரகுநாத் அகழியையும், அதற்கு அப்பால் காய்ந்து கிடந்த கண்மாயையும் பார்த்திருக்கிறார். ஆண்டிச்சாமி ஐயாவின் காலைத் தொடக் குனிந்திருக்கிறார். தடுத்துப் பிடித்துக்கொண்டு தாம் சொன்ன வார்த்தையை ஐயாவே எனக்குச் சொன்னார். அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன்.

"ஒங்கள மட்டும் எப்புடித் தம்பி குத்தஞ் சொல்றது? கஜாவுல எல்லாம் போயிக் கெடந்தோம். பச்சையா எது வந்தாலும் சரின்னு நாங்களுந்தான கையெழுத்துப் போட்டோம்."

திரும்பி வந்து மேடை ஏறினார். பொன்னாடையை விரித்தார்கள். அவர் அதைக் கையால் விலக்கிவிட்டு ஒலிவாங்கி முன்னால் நின்றார். எழுதிக் கொடுத்த உரை சட்டைப்பையிலேயே இருந்தது. தம் ஊர்ப் பேச்சிலேயே பேசினார்.

"இதைப் போத்திக்க எனக்கு யோக்கியதை இல்லைங்க. அங்க எங்க வண்டி விடுற பொகைய நாங்க கொறைக்கல. கொறைச்சிட்டோம்னு ஒலகத்துக்குச் சொல்ல ஒங்க நெலத்தைக் காட்டுனோம். அந்த மரமும் இப்ப லாரியில போய்க்கிட்டிருக்கு. ஒங்க கம்மாத் தண்ணிய மறிச்சது என் கையெழுத்து. எனக்கு வெக்கமா இருக்கு."

அவ்வளவுதான் எல்லோருக்கும் கேட்டது. ஒலிபெருக்கி அணைந்தது. அவர் அதற்குப் பிறகும் பேசினார். மூன்றாவது வரிசைக்கு மேல் கேட்கவில்லை. இயக்குநர் எழுந்து நின்று புன்னகையோடு கைதட்டினார். அவர் தட்டியதும் நாமும் தட்டினோம். எதற்குத் தட்டினோம்? யாருக்காவது தெரியுமா? திரையில் நிறுவனத்தின் படம் ஓடியது. சாப்பாடு பரிமாறினார்கள், பந்தியில் உட்கார்ந்தோம். ஊருக்காகத் தன் வேலையையே தூக்கி எறிந்த ஒரு மனிதர் பள்ளிச் சுவரோரம் தனியாக நின்றிருந்தார். சாப்பிட வாங்க என்று கூப்பிட ஒரு வாய் திறக்கவில்லை. அவர் பிரிவில் வேலை பார்த்த என் வாயும் திறக்கவில்லை.

அந்த வாரமே வேலையை விட்டார். ரகுநாத்துக்கு மனச்சோர்வு, ஓய்வில் இருக்கிறார் என்று நிறுவனம் சொல்லியது. அவருக்கு இருந்தது சோர்வா? தவறைத் தவறு என்று சொல்ல முடிந்த ஒரே ஆளுக்குச் சோர்வு என்றால், வாய்மூடி உட்கார்ந்திருந்த எங்களுக்கு என்ன பெயர்?

சென்னை வீட்டைப் பூட்டிவிட்டுப் பரிமளா அக்காவோடு இங்கே வந்து சேர்ந்தார். ஊர் அவரை எப்படி வரவேற்றது? பள்ளிக்குக் கட்டித் தருவதாக நிறுவனம் சொல்லியிருந்த வகுப்பறைகள் வராமல் போயின. வந்ததைக் கெடுத்தவன் என்று டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன் என்று தலைவர் அமுதவல்லி அவர்களே சற்று முன் என்னிடம் கண்கலங்கிச் சொன்னார். மேடையிலேயே சொல்லுங்கம்மா, எங்களுக்கும் உறைக்கட்டும் என்றார். இதைச் சொல்லச் சொன்ன அவரது நேர்மைக்குத் தலை வணங்குகிறேன்.

ரகுநாத் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அகழியை மூடப் போனார். மேசைமுன் உட்கார்ந்தே பழகிய கை. முதல் நாளே கொப்புளம் கண்டது. ஒப்பந்தக்காரர் புகார் கொடுக்க, காவல் நிலையத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். செய்தி வீட்டுக்கு வந்தது. பரிமளா அக்கா நிலையத்துக்குப் போகவில்லை. அவர் விட்டுப்போன மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாரிக்குப் போனார்.

நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். படித்த வீட்டு அம்மா, ஒற்றை ஆளாக, வெயிலில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் யாரையும் கேட்கவில்லை. வேலை முடிந்து திரும்பும்போது கூடையோடு இறங்கிவிட்டார்கள். மாலையில் ரகுநாத் நிலையத்திலிருந்து நேராக வாரிக்கு வந்தபோது முதல் அகழியில் பாதி மூடியிருந்தது. அவர் கரையில் உட்கார்ந்து அழுதார் என்று அக்கா சொன்னார். மறுநாள் ஆண்டிச்சாமி ஐயா தன் ஆட்களோடு வந்தார். அடுத்துக் கூடிய கிராம சபையில், வரத்துவாரியை ஊரே மீட்டெடுப்பது என்று அமுதவல்லி அவர்கள் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்த்து ஒரு கை எழவில்லை. அதன் பிறகு ஜேசிபி வந்தது, வேலை விறுவிறுவென்று நடந்தது. ஆனால் அந்த முதல் அகழியைக் கையால் மூடியவர்கள் பெண்கள் என்பதை ரகுநாத் எங்கே பேசினாலும் சொல்லாமல் விட்டதில்லை.

போன கார்த்திகையில் மழை வந்தது. பல ஆண்டுக்குப் பிறகு வாரியில் தண்ணீர் ஓடி வந்து கண்மாயில் விழுந்தது. கரையில் நின்றபடி எனக்குப் போன் செய்தார். பின்னால் தவளைச் சத்தம் கேட்டது. குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. நான் வாழ்த்துச் சொன்னேன். பிறகு கேட்டார்.

"பாதிக் கம்மா ரொம்பிருச்சு ஷர்லி. ஆனா அங்க அந்த லாரி எல்லாம் இன்னும் டீசல்லதான ஏறுது?"

ஆமாம் சார் என்றேன். ஊர் மன்னித்துவிட்டது, கண்மாய் நிரம்பத் தொடங்கிவிட்டது, அவர் மட்டும் தன்னை விடவில்லை. கண்மாயைக் காய விட்டது அவர் செய்த சிறிய தவறு, வானத்தைப் பற்றிச் சொன்ன பொய் பெரிய தவறு என்றே கடைசி வரை நினைத்தார்.

தை பிறந்ததும் நெஞ்சுவலி. புதுக்கோட்டை மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது ஒரு வயதா? போகிற வயதா அது?

பெரியோர்களே, இன்று காலை நான் சென்னையிலிருந்து கிளம்பும்போது, இந்தக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லி நிறுவனம் ஓர் இரங்கல் செய்தியைக் கொடுத்து அனுப்பியது. எங்கள் பசுமைப் பயணத்தின் முன்னோடி ரகுநாத் என்று அது தொடங்குகிறது. அவர் காட்டிய வழியில் தொடர்ந்து நடக்கிறோம் என்று முடிகிறது. எந்த வழியில் நடக்கிறார்கள்? வாக்குறுதியின் ஆண்டைப் போன மாதம்தான் இன்னும் பத்து ஆண்டு தள்ளி வைத்தார்கள். மின்கம்பியின் பேச்சே இல்லை. இந்த ஊரில் வெட்டிக்கொண்டு போன மரங்கள் இன்றைக்கும் நிற்பதாகவே வெளியில் சொல்லப்படுகின்றன. வேறு ஒரு மாவட்டத்தில் புதிதாக நடவு தொடங்கியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவர் பேச்சை அணைத்தவர்கள், இறந்த பிறகு அவர் பெயரைப் போர்த்திக்கொள்ளப் பார்க்கிறார்கள். அந்தச் செய்தியை நான் இங்கே வாசிக்கப்போவதில்லை. வாசித்தால் அவர் மறுத்த பொன்னாடையை அவர் படத்துக்குப் போர்த்தியதாகிவிடும்.

நண்பர்களே, அவருக்குக் கண்ணீர் மட்டும் போதுமா? பெயரில் ஒரு மரம் நட்டால் போதுமா? மரம் நடுவது என்றாலே இந்த ஊருக்கு உடம்பு நடுங்குமே! வடக்கு மேட்டில் இன்னும் மூடாத அகழிகள் இருக்கின்றன. அடுத்த மழைக்குள் அவற்றை மூடுவதென்று சங்கம் முடிவெடுத்திருப்பதாகப் பெரியவர் சொன்னார். அது நாவல்வயலின் பங்கு. அதை நீங்கள் செய்து முடிப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்னொரு பங்கு இருக்கிறது. ஊழியராக இருந்த காலத்தில் ரகுநாத் அவர்களுக்கு அந்த நிறுவனத்தில் ஒரு சிறு பங்கு உரிமை கிடைத்தது. வேலையை விட்ட பிறகும் அதை அவர் விற்கவில்லை. பங்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிற பொதுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம், எவரும் தடுக்க முடியாது. அதற்காகவே வைத்திருந்தார். அந்த உரிமை இப்போது பரிமளா அக்காவுக்கு வந்திருக்கிறது. வரும் கூட்டத்துக்குச் சென்னை வருவதாக அக்கா முடிவு செய்துவிட்டார். நேற்று என்னிடம் சொன்னார்.

"எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமில்ல. ஆனாலும், மின்கம்பி எப்ப இழுப்பீங்க, எங்க ஊரு மரம் எங்கன்னு ரெண்டு வார்த்தை கேட்டுருவேன். வாய் குழறாம இருந்தாச் சரி."

அக்கா, அந்த மேடைக்கு நீங்கள் புதிது. எனக்கு அது பழகிய இடம். பங்குதாரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இயக்குநர்கள் வாசிக்கும் பதில்கள் எங்கள் பிரிவிலிருந்துதான் போகின்றன. மேடைக்குப் பின்னால், நிறுவனத்தின் பக்கம், எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள்.

இத்தனை பேர் முன்னிலையில், ரகுநாத் சாரின் படத்தின் முன்னிலையில் சொல்கிறேன். இந்த முறை அந்த நாற்காலியில் நான் இருக்க மாட்டேன். உங்கள் கேள்விக்கு என்ன பதில் தயார் செய்வார்கள், அதில் எந்த வரி பொய் என்பது எனக்குத் தெரியும். என் வேலை அன்றோடு போகலாம், போகட்டும். நீங்கள் எழுந்து நிற்கும்போது நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன். உங்களுக்கு வாய் குழறினால், மீதியை நான் கேட்பேன்.